நல்ல எடமா அமையோணும்

அந்தக் கூடைய மடியில வச்சுக்கிட்டு எதுக்குங்க செரமப்படறீங்க, என்ற காலுக்குக் கீழ எடமிருக்குது, இப்படி வைங்க. இருங்க, காலத் தூக்கிக்கறேன். முட்டி மடங்காது, கையில புடிச்சுத் தூக்கித்தான் வைக்கோணும். ஆங், அப்படித்தான். வெள்ளக்கல் பிரிவுக்குத்தான போறீங்க? நீங்க சொல்லவே வேண்டாம். கம்பிக் கதவு வச்ச கூடை, உள்ள ஒண்ணுமில்ல. இந்த ரூட்டுல காலிக் கூடையோட வர்றவங்க வேற எங்க போவாங்க? துளசிமணியோட பூனைத் தோட்டத்துக்குத்தான்.

நானும் அங்கதான். தெனமும் போறவ. எம்பேத்தி வயசுதான் இருக்கும் உனக்கு, நீன்னே கூப்பிடறேன் கண்ணு, மனசுல வச்சுக்காத.

மொதல்ல ஒண்ணு சொல்லிப்போடறேன். நான் உன்கிட்டப் பேசுனேன்னு துளசிமணிகிட்டச் சொல்லிப்போடாத. எனக்கு அங்க வாய்ப்பூட்டு. பூனை பாக்க வர்றவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசப்படாதுன்னு உத்தரவு. ஆனா உத்தரவு கேட்டுக்குள்ளதான். பஸ்ஸு கவர்மெண்டுது.

எந்தப் பூனையக் கேட்டிருக்கற? சுக்கையா? அட சாமி! நல்ல பூனை. சுக்கு நெறத்துலயே இருக்கும், வயிறு மட்டும் வெள்ளை. நோயில்ல, நொடியில்ல. வயசு நாலுதான். பொட்டைதான், ஆனா ஆபரேசன் ஆயிருச்சு, குட்டி கிட்டின்னு உனக்குத் தொந்தரவு இல்ல. ரொம்ப அடக்கம். அடக்கம்னா அப்படி ஒரு அடக்கம். ஆளு வந்தா அரிசி ட்ரம்முக்குப் பின்னால போயிரும். நீ பொழுதுக்கும் உக்காந்திருந்தாலும் வாலு நுனி தெரிஞ்சாப் பெருசு. கொரலே கேக்காது. இந்தக் காலத்துல இப்படி ஒண்ணு கெடைக்குமா, நீயே சொல்லு.

ஏன் சிரிக்கற? தரகுப் பேச்சு மாதிரி இருக்குதா? இருக்கத்தான் செய்யும். நாப்பது வருசம் கல்யாணத் தரகு பாத்தவ நான். ராமாத்தான்னா கோபி சுத்துவட்டாரத்துல கேட்டுப்பாரு. இருநூறு சோடிக்கு மேல சேத்து வச்சிருக்கேன். எங்கப்பன் மாட்டுத் தரகு. அந்தியூர்ச் சந்தையில துண்டப் போட்டு மூடிக்கிட்டு, துண்டுக்கடியில வெரலப் புடிச்சே வெல பேசி முடிச்சுருவாரு. அவரு நொண்டி மாட்டச் சேத்துல நிறுத்தித்தான் காட்டுவாரு. சேத்துல நிக்கற மாட்டுக்கு எந்தக் காலு நொண்டின்னு யாருக்குத் தெரியும்? 'நான் பொய் சொன்னனா? மாடு நிக்குது, பாத்துக்க'ம்பாரு. அவரு மாட்டுத் தரகு, நான் மனுசத் தரகு, கடைசிக் காலத்துல பூனைத் தரகுல வந்து நிக்கறேன். அதுலயும் வாய்ப்பூட்டு.

ஜன்னலச் சாத்து கண்ணு, சாரல் அடிக்குது. அது பாதிதான் எறங்கும், விடு. இந்தத் துண்டப் போத்திக்க. ஐப்பசி மழை எலும்புல எறங்கும்.

ஆயிரம் பொய் சொல்லியாச்சும் ஒரு கல்யாணத்தப் பண்ணி வைன்னு சும்மாவா சொன்னாங்க? சத்தியமங்கலத்துல ஒரு மாப்பிள்ளை. தலையில பேருக்கு ஒரு மயிரில்ல. டோப்பா வச்சுத்தான் பொண்ணு பாக்கக் கூட்டிக்கிட்டுப் போனேன். கல்யாணத்தன்னைக்கு எண்ணெ வச்சு சீர் பண்றாங்க, கழண்டு எண்ணெக் கிண்ணத்துக்குள்ளயே உழுந்துருச்சு! நான் வாசப்படியப் பாத்து நகர ஆரம்பிச்சுட்டேன். பொண்ணு என்ன பண்ணுச்சு? குனிஞ்சு கிண்ணத்தப் பாத்துச்சு, அந்தாளப் பாத்துச்சு, சிரிச்சுருச்சு. இன்னைக்கு மூணு பேரன் அதுக்கு. தீவாளி நோம்பிக்கு இன்னமும் எனக்குச் சீலை எடுத்துத் தருது. அப்ப நான் சொன்ன பொய்யி நல்லதா கெட்டதா?

அதத்தான் துளசிமணிகிட்டச் சொல்றேன். அவளுக்கு ஏறாது.

அவளுக்கு என்னைய ஆகாது கண்ணு. நல்லவதான். இருபத்தேழு பூனையும் அவ கையிலதான் திங்குது, மொடமும் குருடும் கொண்டாந்து விட்டுட்டுப் போறாங்க, ஒண்ணையும் வேண்டாம்னு சொல்ல மாட்டா. ஆனா பேச மாட்டா. நான் ஒரு மணி நேரம் பேசுனா அவ 'ம்'முங்கறா. அவளுக்குக் கல்யாணம் பண்ணி வச்சவளே நான்தான், அந்த நன்னி கூட இல்ல. காங்கயத்துல, நல்ல எடம். ஓட்டு ஊடு, கெணத்துல வத்தாத தண்ணி, ஒரே பையன். அவளுக்கு ஒரு சின்ன இது இருந்துச்சு, அத அப்பறம் சொல்றேன்.

வாய்ப்பூட்டுக் கதையச் சொல்லிக்கிட்டிருந்தேன்ல. போன பங்குனியில ஒரு டீச்சரம்மா வந்துச்சு, பெருந்துறையில இருந்து. துளசிமணி மாட்டாசுபத்திரிக்குப் போயிருந்தா. நான் மட்டும்தான். டீச்சரம்மா ஒவ்வொரு பூனையா பாத்துச்சு, இது கடிக்குமா, அது பெராண்டுமான்னு. எனக்குச் சுக்கு நெனப்பு. அது மேல யாரு கண்ணும் படறதேயில்ல, ட்ரம்முக்குப் பின்னால இருக்கறத யாரு பாப்பா? அன்னைக்குன்னு பாத்து மாத்திரை போட்ட அசதியில தூங்கிக்கிட்டிருந்துச்சு. மெதுவாத் தூக்கியாந்து டீச்சரம்மா மடியில வச்சேன். அப்படியே கெடக்குது, பஞ்சு மாதிரி. 'ஐயோ, எவ்வளவு சாது!'ன்னு டீச்சரம்மாவுக்குக் கண்ணெல்லாம் கலங்கிருச்சு. நோய் நொடி உண்டான்னு கேட்டுச்சு. இல்லீன்னேன். கையோட தாட்டி உட்டேன். நல்லநேரம் பாத்துத்தான் அனுப்புனேன், குத்தம் சொல்லப்படாது.

துளசிமணி வந்தா. ட்ரம்முக்குப் பின்னால பாத்தா. கட்டிலுக்கடியில பாத்தா. நான் நல்ல சேதி சொல்றேன், சுக்குக்கு எடம் அமைஞ்சிருச்சு, டீச்சரு ஊடுன்னு. 'மாத்திரை குடுத்து உட்டீங்களா பெரியம்மா?'ங்கறா. மாத்திரையக் குடுத்தா எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா? 'போன் நம்பர் வாங்குனீங்களா?'ங்கறா. அது எனக்குத் தோணல. கல்யாணத் தரகுல பொண்ணத் தாட்டி உட்டா அப்பறம் நம்ம வேலை இல்ல பாரு.

மாத்திரை அட்டையக் கையில புடிச்சுக்கிட்டே நாலு நாளு பெருந்துறையச் சுத்துனா. பஸ்ஸுல ஏற மாட்டா அவ, இருபது வருசத்துக்கு மேல ஆச்சு, கூட்டத்துக்குள்ள போறதில்ல. தெரிஞ்ச ஆட்டோக்காரரக் கூட்டிக்கிட்டு, ஒவ்வொரு பள்ளிக்கூடமா எறங்கி எறங்கி, சுக்கு நெறத்துல பூனை வாங்குன டீச்சரு யாருன்னு கேட்டிருக்கா. யாருக்குத் தெரியும்? அஞ்சாம் நாளு வெடியால கேட்டத் தொறந்தா வெங்காயச் சாக்கு. வாயக் கட்டிக் கேட்டுக் கம்பியில தொங்குது. மழையில நனைஞ்சு. சாக்குல சீட்டு எழுதிச் சொருகியிருந்துச்சு, அந்த டீச்சரம்மாவையும் சொல்லிக் குத்தமில்ல. நாலாம் நாளு இழுத்துக்கிச்சாம். கண்ணு நட்டுக்கிட்டு, நாலு காலையும் ஒதறிக்கிட்டு, நொரை தள்ளி... வெறிப் பூனையக் குடுத்துட்டாங்கன்னு பயந்திருச்சு, கொழந்தைங்க இருக்கற ஊடு.

அட, என்னத்தச் சொல்லிக்கிட்டிருக்கேன். அது அப்ப. பஸ்ஸுச் சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காது.

துளசிமணி சாக்க அவுத்து அதத் தொடைச்சு, மாத்திரை குடுத்து, மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. நான் எதுக்கால நிக்கறேன். வையட்டும்னு நிக்கறேன். அவ நிமிந்து பாத்துட்டு, 'இது ரெண்டாவது பெரியம்மா'ன்னா. 'இனி பூனை பாக்க வர்றவங்ககிட்ட நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்'னா. அவ்வளவுதான். ரெண்டாவதாமா! சுக்க அதுக்கு முன்னால நாங்க யாருக்குமே குடுத்ததில்ல. ஒருதரம் குடுத்தோம், ஒருதரம் திரும்பி வந்துச்சு. அத ரெண்டாவதுங்கறா. அவ ரெண்டுங்கறது எதுன்னு நான் கேக்கல. கேட்டா மட்டும் சொல்லவா போறா.

கண்டக்டர் தம்பி, வெள்ளக்கல் பிரிவுக்கு இந்தப் பொண்ணு எறங்கோணும், நிறுத்து என்ன? நானும்தான். போன வாரம் தாண்டி நிறுத்துன, நான் அத்தனை தூரம் நடந்தேன், ஞாபகம் இருக்கட்டும்.

என்ன கேட்டே? ஆமா, துளசிமணி. சின்ன இதுன்னு சொன்னேன்ல. பன்னண்டு வயசுல இருந்து அவளுக்கு அப்பப்ப இழுக்கும். காக்கா வலிப்புன்னு சொல்லுவாங்க அப்ப. மாத்திரை ஒழுங்காத் தின்னா வராது. அவங்கப்பன், சென்னிமலைன்னு பேரு, நேருக்கு நேர் பேசறவரு, 'ராமாத்தா, மாப்பிள்ளை ஊட்டுல சொல்லிப்போடலாமா?'ன்னு என்னையக் கேட்டாரு. நாந்தான் தடுத்தேன். 'சொன்னீங்கன்னா உங்க மக உங்க ஊட்டுலயே நரைச்சுப் போவா, கல்யாணம் முடியட்டும், மாப்பிள்ளைக்குப் பிரியம் வந்தா அப்பறம் தானாச் சொல்லிக்கலாம்'னேன். தப்பா அது? உலகம் அப்படித்தான கண்ணு இருந்துச்சு.

மாத்திரைய எங்க வைக்கறதுன்னு கூட நாந்தான் சொல்லிக் குடுத்தேன். சீர்ல குடுத்த குங்குமச் சிமிழுக்கு அடியில வை, வாழப்பழத்துக்குள்ள வச்சு முழுங்கிரு, யாருக்குத் தெரியும்னு. ஆனா மாமியாக்காரி பெட்டியத் தொறந்து தொறந்து பாக்கற ரகம். இவ பயந்துக்கிட்டு ரெண்டு வேளைய ஒரு வேளை ஆக்குனா. ஒரு வேளைய ஒண்ணு விட்டு ஒருநாள் ஆக்குனா. நாப்பத்தொண்ணாம் நாளு மாமன் ஊட்டு விருந்து. பந்தியில நூறு பேரு. எலை மேலயே உழுந்துட்டா. ரசத்துல மூஞ்சி. அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வேன் வச்சுக் கொண்டாந்து அப்பன் வாசல்ல எறக்கிட்டுப் போயிட்டாங்க. பட்டுச் சீலையில ரசம் காயக்கூட இல்ல. பெட்டி அப்பறமா வந்துச்சு.

நான் சொல்லியிருந்தா யாரு கட்டியிருப்பா? நாப்பத்தொரு நாளாச்சும் வாழ்ந்தாளா இல்லையா?

நீ அப்படிப் பாக்காத. அவளும் அப்படித்தான் பாப்பா.

அதுக்கப்பறம் இருபத்தஞ்சு வருசம் நான் அந்தப் பக்கம் போகல. வேலை அப்படி. மூர்த்தம் மூர்த்தமா ஓடறவளுக்கு எங்க நேரம்? அப்பறம் எங்க ஊட்டுக்காரரு போனாரு. தாலி அறுத்தவள கல்யாணப் பேச்சுக்கு யாரு கூப்பிடுவா? நாப்பது வருசம் வாசல்ல செருப்புக் குவிஞ்ச ஊடு, ஒரே மாசத்துல ஓஞ்சு போச்சு. பையன் திருப்பூர்ல, பனியன் கம்பெனி, அவன் ஊட்டுல பேச ஆளில்ல, டிவிதான் பேசும். ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒருநாள் இந்தப் பஸ்ஸுல சும்மா போயிக்கிட்டிருந்தேன். சும்மாத்தான். வெள்ளக்கல் பிரிவுல எறங்கிட்டேன்.

துளசிமணி கேட்டுல நின்னுக்கிட்டிருந்தா. தலை பாதி நரைச்சுப் போச்சு. 'வாங்க பெரியம்மா'ன்னா. சேரப் போட்டா. டீ குடுத்தா. ஒண்ணும் கேக்கல. அதுதான் கண்ணு எனக்கு ஆகல. கேட்டிருந்தா நான் பதில் வச்சிருந்தேன். இருபத்தஞ்சு வருசமா பதில் வச்சிருந்தேன். கேக்கவே இல்லையே. சரி, நாளைக்குக் கேப்பான்னு மறாநாளும் போனேன். அப்படியே பழகிப்போச்சு. சும்மா உக்காந்திருக்க முடியுமா? நெத்திலி வாங்கி வேகவச்சுக் கொண்டுபோயிக் குடுக்கறேன், தட்டம் கழுவறேன். எட்டரை பஸ்ஸுக்குப் போனா ஒம்போதுக்கு அங்க இருப்பேன். ஒம்போது மணிக்கு அவ மாத்திரை திங்கற நேரம். மேசை மேல வச்சே திங்கறா. தபால்காரர் நின்னாலும் சரி, பாலு ஊத்தற ஆளு நின்னாலும் சரி. டம்ளர்ல தண்ணியோட, எல்லாரு முன்னாலயும். நான் பாக்கோணும்னுதான் அப்படிப் பண்றாளோன்னு கூட நெனச்சிருக்கேன்.

அவ தின்னு முடிச்சுட்டு, அடுத்தது சுக்குக்குக் குடுப்பா.

ரெண்டு பேருக்கும் ஒரே பேரு மாத்திரைதானாம். டாக்டர் சொன்னாரு. அளவுதான் கம்மி.

இப்பக் கேட்டிருச்சா உனக்கு? கேட்டிருக்கும். பஸ்ஸு நிக்குது, சத்தமே இல்ல.

மழையப் பாரு, ரோடே தெரியல. ரயில்வே கேட்டு மாதிரி எதுக்கு நிக்கறான்னு தெரியல. ஓ, மாடு மறிக்குது. வரட்டும், மெதுவா வரட்டும்.

அதென்ன, கூடைக்குள்ள? நான் காலியா இருக்குதுன்னுல்ல நெனச்சேன். ஸ்வெட்டரா? பழசா, புதுசா? உன்றதா? தொவைக்காமயே வச்சிருக்கறயா, எதுக்கு? உன்ற வாசம் அதுக்குப் பழகோணும்னா... பூனை வந்து பாக்கறதுக்கு முன்னாலயே வாசம் பழகட்டும்னு ரெண்டு நாளு போட்டுட்டிருந்து எடுத்தாந்தயா.

இருநூறு பொண்ணத் தாட்டி உட்டிருக்கேன் கண்ணு. பட்டு வச்சாங்க, பவுனு வச்சாங்க, பழக்கூடை வச்சாங்க. இப்படி ஒண்ண யாரும் வச்சு நான் பாக்கல.

நீ எங்கிருந்து வர்றே? கோத்தகிரியா. தேயிலைத் தோட்டத்துக்குள்ள ஊடா. ஒண்டியாவா இருக்கற? பக்கத்துல யாரும் வெடி போட மாட்டாங்களா? தீவாளிக்குக் கூட? தோட்டத்து ஆபீசுல கேட்டியா, நல்லாக் கேட்டியா? சரி.

சரி, சொல்லிப்போடறேன். இன்னும் மூணு ஸ்டாப்புதான். நான் ரெண்டு பஸ்ஸ விட்டேன் உனக்காக. எட்டரையும் விட்டேன், ஒம்போதே காலும் விட்டேன். நேத்து துளசிமணி போன்ல பேசறப்பக் காதுல உழுந்துச்சு, நாளைக்கு ஒரு பொண்ணு சுக்கப் பாக்க வருதுன்னு. பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சுல உக்காந்து இடுப்பு ஒடிஞ்சு போச்சு. எதுக்கு உக்காந்திருந்தேன்னு நெனக்கற? நல்லாப் பேசி, கரையேத்தி உட்டரோணும்னுதான். ஏழு மாசத்துல சுக்கு பேரச் சொல்லிக் கேட்டு வந்தவ நீ ஒருத்திதான். உன்னையும் விட்டரப்படாதுன்னு வந்தேன். இப்ப நானே கெடுக்கப் போறேன்.

கேளு. அதுக்கு வலிப்பு இருக்குது. குட்டியில தலையில அடி பட்டிருக்குமாட்ட. மாத்திரை ரெண்டு வேளை, காலையில ஒம்போது, ராத்திரி ஒம்போது. அர மணி தப்புனாலும் ஆகாது. சாகற மட்டும் குடுக்கோணும். குடுத்தாலும் மாசத்துக்கு ஒண்ணு வரும். வந்துச்சுன்னா ஒண்ணுக்கு, ரெண்டுக்கு எல்லாம் போயிரும், நீதான் தொடைக்கோணும். முடிஞ்சப்பறம் அதுக்கு நீ யாருன்னே தெரியாது, செவுத்துல போயி முட்டிக்கும். அடக்கம்னு சொன்னேன்ல? அடக்கமில்ல, பயம். எல்லாத்துக்கும் பயம். தட்டம் உழுந்தாப் பயம், தும்முனாப் பயம். உன்ற மடிக்கு வர்றதுக்கு ஒரு வருசம் ஆகலாம், வராமயே கூடப் போகலாம். இருபத்தாறு பூனைக்கு நடுவுல இருக்கற வரைக்கும் அது பயந்துக்கிட்டேதான் இருக்கும். அமைதியான ஊடா, ஒரே ஆளா இருக்கற எடமாப் பாருங்கன்னு டாக்டர் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயிட்டாரு.

போன தீவாளிக்குத் தோட்டத்த ஒட்டுன காலனியில சரவெடி. துளசிமணி ஜன்னலுக்கெல்லாம் மெத்தைய வச்சு அடைச்சா. ட்ரம்மச் சுத்திக் கம்பளி. அப்படியும் மூணு தரம் வந்துச்சு ஒரே நாள்ல. மூணாவது நிக்கவேயில்ல. நான் கெடியாரத்தப் பாத்துக்கிட்டு நின்னேன், ஆறு நிமிசம். இன்னொருக்கா இப்படி வந்தா பொழைக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. தீவாளிக்கு இன்னும் பத்து நாளு இருக்குது கண்ணு. நேத்தே பசங்க வெடிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அதான். அவ்வளவுதான். இனி உன்ற இஷ்டம். வேண்டாம்னா இப்பவே சொல்லு, அடுத்த ஸ்டாப்புல எறங்கி எதுத்தாப்புல நின்னாத் திரும்பற பஸ்ஸு வரும். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். கொண்டுபோயிட்டு நாலாம் நாளு சாக்குல கட்டிக் கொண்டாராத, அதுதான். அத நான் இன்னொருக்காப் பாக்க முடியாது. எனக்கு எழுவத்திமூணு வயசாச்சு.

என்ன?

முன்னாலயே தெரியுமா?

யாரு சொன்னா? துளசிமணியா? போன்லயா? ஒரு மணி நேரமா? அவளா ஒரு மணி நேரம் பேசுனா? வலிப்பச் சொன்னாளா? மாத்திரைய? தொடைக்கறத? சாக்கு... சாக்குல வந்ததக் கூடவா?

எல்லாம் தெரிஞ்சுமா காலையில இருட்டோட கெளம்பி, பஸ்ஸு மாறி மாறி இந்தக் கூடையத் தூக்கிட்டு வந்தே?

இரு கண்ணு. இரு. எனக்கு இது புதுசு. நாப்பது வருசத்துல ஒரு கொறையச் சொல்லி நான் ஒரு எடம் முடிச்சதில்ல. சொன்னா வர மாட்டாங்கன்னுதான் தெரியும். எங்கப்பன் சொல்லிக் குடுத்தது அதுதான். சொல்லியும் வருவாங்கன்னா... யாராச்சும் ஒருத்தரு வந்திருப்பாங்கன்னா அப்ப...

அவங்கப்பன், அந்தச் சென்னிமலை, கேட்டாருல்ல. சொல்லிப்போடலாமான்னு.

இன்னும் என்ன சொன்னா? என்னையப் பத்தியா? சொல்லு, சொல்லு, நான் சங்கடப்பட மாட்டேன். வாய் ஓயாத கெழவி ஒருத்தி வருவா, நம்பாதீங்கன்னு சொல்லியிருப்பா. பக்கத்துல வந்து உக்காருவாங்கன்னாளா? பூனைக்கு ஒண்ணுமில்லம்பாங்க, சொன்னாச் சொல்லட்டும், கோவிச்சுக்காதீங்கன்னாளா. ம். பொறவு? எறங்கறப்பக் கையப் புடிச்சு எறக்கி விடச் சொன்னாளா? எதுக்காமா? படி ஒசரமா இருக்குது, பெரியம்மா எடது கால ஊன முடியாம ஒவ்வொரு நாளும் தடுமாறறாங்கன்னா?

அவ வாயால பெரியம்மான்னு சொன்னாளா உன்கிட்டயும்?

படி ஒசரம்னு அவளுக்கு எப்படித் தெரியும்? அவதான் பஸ்ஸுலயே ஏற மாட்டாளே. எடது காலுன்னு வேற சொல்லியிருக்கறா. நான் கேட்டுக்குள்ள நுழையறப்ப அவ எப்பவும் முதுகக் காட்டிக்கிட்டு வாசல் கூட்டிக்கிட்டுத்தான் இருப்பா. அப்ப நான் எறங்கறத நின்னு பாத்துட்டு, நான் ரோட்டத் தாண்டறதுக்குள்ள வெளக்குமாத்தக் கையில எடுத்துக்கறாளாட்ட இருக்குது. ரெண்டு வருசமா. தெனமும்.

திருட்டுக் கழுதை.

இந்தா, இந்தப் பொட்டலத்தப் புடி. நெத்திலி, உப்பில்லாம வேகவச்சது. கோத்தகிரியில கெடைக்கலீன்னா தயிர்ல வச்சுக் குடு. மாத்திரைய நடுவுல வச்சு, மேல ஒரு மீனச் சுத்தி, மொதல்ல மாத்திரை இல்லாத மீனு ஒண்ணு குடு, அப்பறம் இது, அப்பறம் உடனே இன்னொண்ணு. அதுக்குத் தெரியாம மறைச்சுத்தான் குடுக்கோணும். இல்லீன்னாத் துப்பிப்போடும். துளசிமணிக்கு அது வராது, ரெண்டு தரம் துப்ப உட்டுத்தான் குடுப்பா. அவ வேலைக்கு ஆக மாட்டா, என்ற கையிலதான் மூச்சுக் காட்டாமத் திங்கும். இனி யாருக்கு இந்த நெத்திலிய வேக வைக்கறதுன்னு... சரி, இருக்கற இருபத்தாறும் பட்டினியா கெடக்குது? திங்கட்டும்.

வந்துருச்சு, வந்துருச்சு. கண்டக்டர் தம்பி, நிறுத்து! கூடைய நீ எடு, ஸ்வெட்டர் நனையாமப் பாத்துக்க. என்ற பைய நான் வச்சுக்கறேன். அதா கேட்டு, புளியமரத்துக்கு எதுக்கால. அதா நிக்கறா பாரு, கொடையப் புடிச்சுக்கிட்டு. இன்னைக்கு வெளக்குமாத்த மறந்துட்டா.

கையக் குடு. பாத்து, எடது காலு. நான் உன்கிட்டப் பேசுனேன்னு சொல்லிப்போடாதன்னு சொன்னேன்ல? வேண்டாம் கண்ணு. சொல்லிப்போடு. எல்லாத்தையும் சொன்னாங்கன்னே சொல்லிப்போடு.